முதலில் விண்ணப்பம், முடிவு அப்புறம்

ஐந்தாம் படிவ முடிவில் வரும் எஸ்.பி.எம். அரசாங்கத் தேர்வின் கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த பிள்ளை அடுத்த வாரமே பேரங்காடியிலோ தொழிற்சாலையிலோ வேலைக்குச் சேர்ந்துவிடும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட்டில் இது வழக்கம். அதில் தப்பும் இல்லை. 2025 பிப்ரவரியிலிருந்து நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். அப்பா செம்பனைக் குலை வெட்டிக் குடும்பம் நடத்தும் வீட்டில் அந்தப் பணம் பெரிய பணம். முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை, இரண்டாவது மாதம் மோட்டார் சைக்கிள் தவணை. எஸ்.பி.எம். முடிவு வரும்போது பிள்ளை இரவு வேலையில் இருக்கும். "இப்ப போய் படிப்பா? தவணையை யார் கட்டுறது?" என்ற கேள்வியும் வந்துவிடும்.

பல ஆண்டுகளாகக் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவி வருகிறேன். மார்க் போதாமல் வாய்ப்பை இழந்தவர்களைவிட, தேதியைத் தவறவிட்டு இழந்தவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். "என்ன படிக்கலாம்னு இன்னும் யோசிச்சிட்டிருக்கேன், அதனாலதான் போராங் (விண்ணப்பப் படிவம்) போடல" என்று பிள்ளைகள் சொல்வார்கள். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு வார்த்தைக்கான பதில்தான். விண்ணப்பிப்பது வேறு, முடிவெடுப்பது வேறு. எல்லாக் கதவையும் தட்டி வையுங்கள். எவை திறக்கின்றன என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

ஐந்தாம் படிவத்திலேயே பார்க்க வேண்டியவை

முதலில் அடையாள அட்டை. பிறப்புப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பள்ளிப் பதிவில் மூன்றாவது விதம் என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். பெற்றோரின் திருமணம் பதிவாகாததால் குடியுரிமை கிடைக்காத பிள்ளைகள் இன்றும் தோட்டங்களில் உண்டு. குடிமக்களுக்கான நீல அடையாள அட்டை இல்லாமல் அரசாங்கப் பல்கலைக்கழக விண்ணப்பம் நகராது. தேசியப் பதிவு இலாகாவில் இந்த வேலை முடிய ஆண்டுக்கணக்கில் ஆகலாம். அதனால் எஸ்.பி.எம். முடியும்வரை காத்திருக்காதீர்கள். நான்காம் படிவத்தில் தெரிந்தாலும் அன்றே போய் நில்லுங்கள்.

அடுத்தது மலாய்மொழியும் வரலாறும். இரண்டிலும் தேர்ச்சி இல்லையென்றால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது. வரலாற்றுக்கு இந்த விதி 2013-இல் வந்தது. அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு மலாய்மொழியில் வெறும் தேர்ச்சி போதாது, கிரெடிட் வேண்டும், அதாவது சி அல்லது அதற்கு மேல். தமிழ்ப்பள்ளியில் படித்து, வீட்டிலும் தோட்டத்திலும் தமிழே பேசி வளர்ந்த பிள்ளைக்கு மலாய்க் கட்டுரை கடினமாக இருப்பது இயல்பு. கணக்கில் ஏ எடுத்த பிள்ளை மலாய்மொழியில் டி வாங்கி நின்றதைப் பார்த்த நாளிலிருந்து, டியூஷனுக்குப் பணம் ஒதுக்குவதாக இருந்தால் முதலில் மலாய்மொழிக்கு ஒதுக்குங்கள் என்று பெற்றோரிடம் சொல்லி வருகிறேன். தவறிவிட்டாலும் வழி அடைபடாது. மலாய்மொழியையும் வரலாற்றையும் மறுதேர்வாக எழுதலாம்.

புறப்பாட நடவடிக்கை மார்க்கை யாரும் கண்டுகொள்வதில்லை. அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யு.பி.யு. இணையத்தளம் வழியாகப் போகும் விண்ணப்பத்தில் 100-க்கு 90 கல்வித் தேர்ச்சிக்கு, 10 புறப்பாடத்துக்கு. ஒரே துறைக்கு ஆயிரம் பேர் போட்டியிடும்போது இந்தப் பத்துதான் ஆளைப் பிரிக்கும். கபடி, சிலம்பம், பொது அறிவுப் போட்டி என்று எதில் கலந்துகொண்டிருந்தாலும் சான்றிதழைப் பள்ளியில் காட்டி, மார்க்கில் சேர்ந்துவிட்டதா என்று பொறுப்பாசிரியரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கடைசியாக, பிள்ளையின் பெயரில் ஒரு மின்னஞ்சல், ஒரு கைப்பேசி எண். இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. என் தம்பியின் விண்ணப்பத்தை டவுனில் ஒரு சைபர் கடையில் நிரப்பினோம். மின்னஞ்சலை அந்தக் கடைப் பையனே திறந்து கொடுத்தான். கடவுச்சொல்லை நாங்கள் எழுதி வைக்கவில்லை. நேர்காணல் அழைப்பு அந்த மின்னஞ்சலுக்குத்தான் வந்தது. நாங்கள் பார்த்தபோது நேர்காணல் முடிந்து பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. தம்பி அப்போது ஒன்றும் சொல்லவில்லை, இன்றுவரை சொன்னதில்லை. ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். மின்னஞ்சல், கடவுச்சொல், விண்ணப்ப எண், தேதி எல்லாவற்றையும் அதில் கையால் எழுதி, சாமி மேசைக்குக் கீழே வையுங்கள்.

எஸ்.பி.எம்.முக்குப் பிறகு எந்த வழி

மலேசியாவில் எஸ்.பி.எம். எழுதியவுடன் நேராகப் பட்டப்படிப்புக்குப் போக முடியாது. இடையில் ஒரு படி உண்டு. எந்தப் படியில் ஏறுகிறோம் என்பதுதான் உண்மையான முடிவு. வீடுகளில் அதிகம் பேசப்படாததும் இதுதான். "டாக்டரா, என்ஜினியரா" என்று கேட்போம். அங்கே போய்ச்சேரும் பாதை எதுவென்று கேட்பதில்லை.

ஆறாம் படிவம், அதாவது எஸ்.டி.பி.எம். ஒன்றரை ஆண்டு. 2012 முதல் மூன்று பருவங்களாக நடக்கிறது. அரசாங்கப் பள்ளி என்பதால் செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே போய்வரலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கும் சான்றிதழ் இது. கடினம் என்று பெயர் எடுத்தது உண்மைதான், ஆனால் முதல் இரண்டு பருவத் தாள்களில் சறுக்கினால் மறுபடி எழுதி மார்க்கைத் தூக்க முடியும். சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டக் கல்வி இலாகாவின் கீழ் வருகிறது. எஸ்.பி.எம். முடிவுக்குப் பிறகு இணையத்தில் தகுதியைப் பார்த்து, கிடைத்த பள்ளி தூரமாக இருந்தால் மாற்றிக் கேட்கலாம்.

மெட்ரிகுலேஷன் கல்வி அமைச்சின் கல்லூரிகளில் நடக்கிறது. பெரும்பாலும் ஓர் ஆண்டுதான், இரண்டு ஆண்டுத் திட்டமும் உண்டு. அறிவியல், பொறியியல், கணினி அறிவியல், கணக்கியல் என்று பிரிவுகள். தங்குமிடம் கிடைக்கும், மாதப்படியும் உண்டு. பேராக் கல்லூரி கோப்பெங்கில் இருக்கிறது, ஈப்போவைத் தாண்டிக் கொஞ்ச தூரம்தான். இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களுக்கும் பிற பூர்வகுடியினருக்கும்), 10 விழுக்காடு மற்றவர்களுக்கு. அதனால் போட்டி கடுமை. 2024-இல் அரசாங்கம் ஒரு மாற்றம் செய்தது: எஸ்.பி.எம்.மில் 10 ஏ-வும் அதற்கு மேலும் எடுக்கும் எந்த இனத்துப் பிள்ளைக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உறுதி. அதற்குக் கீழே இருப்பவர்களும் விண்ணப்பிக்க வேண்டும். 7 ஏ எடுத்த பிள்ளை "எனக்கெங்கே கிடைக்கும்" என்று ஒதுங்குவதைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது. கிடைக்காது என்று சொல்ல வேண்டியது அமைச்சு, நாம் இல்லை. இதற்கான விண்ணப்பம் யு.பி.யு.வில் சேராது, தனி இணையத்தளம். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா என்று கேட்டால் நான் சொல்வது இது. இரண்டும் கிடைத்து, பிள்ளைக்கு அறிவியல் கை வந்தால் மெட்ரிகுலேஷன். காலம் மிச்சம், மாதப்படியும் வரும். ஆனால் அந்த வேகத்தில் ஒரு செமஸ்டர் தடுக்கினால் எழுந்து நிற்க நேரமில்லை. நிதானமாகப் படிக்கிற பிள்ளை, கலைப்பிரிவுப் பிள்ளை, தேர்வை மறுபடி எழுதினால் மேலே வரக்கூடிய பிள்ளை, இவர்களுக்கு ஆறாம் படிவம்தான் நல்லது. "அது கிடைக்காதவங்க போற இடம்" என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். எந்த வழியில் போனாலும் மூயெட் என்ற ஆங்கிலத் தேர்வு உண்டு. பல மாணவர்கள் தடுமாறும் இடம் அது. முதல் மாதத்திலிருந்தே ஆங்கில நாளிதழ் படிக்கத் தொடங்க வேண்டும்.

மூன்றாவது வழி டிப்ளோமா. ஏறக்குறைய மூன்று ஆண்டு. முடித்தவுடன் வேலைக்கும் போகலாம், யு.பி.யு. வழியாகப் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் போலிடெக்னிக் 1969-இல் தொடங்கியது, நாட்டின் முதல் போலிடெக்னிக். தெற்கே பேராங்கில் சுல்தான் அஸ்லான் ஷா போலிடெக்னிக். கையால் செய்து கற்கும் பிள்ளைக்கு, புத்தகத்தைப் பார்த்தாலே தலைவலிக்கும் பிள்ளைக்கு இது பொருந்தும். குடும்பத்துக்குச் சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்றால், பட்டப்படிப்பைக் கைவிடாமல் அதைச் செய்ய இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

ஆசிரியராக ஆசையா? ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு, அதாவது ஐ.பி.ஜி.க்கு, எஸ்.பி.எம். முடிவோடு தனியாக விண்ணப்பிக்க வேண்டும். குறைந்தது 5 பாடங்களில் ஏ நிலை தேவை. அப்புறம் தேர்வும் நேர்காணலும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராக விரும்பும் பிள்ளை எஸ்.பி.எம்.மில் தமிழ்மொழித் தாளை நன்றாக எழுதியிருக்க வேண்டும். ஐந்தாம் படிவத்தில் "மார்க் குறைஞ்சிடும்" என்று தமிழைக் கைவிட்ட பிள்ளைகள் பிறகு வருந்துவது இங்கேதான். ஐ.பி.ஜி. கிடைக்காவிட்டால், எஸ்.டி.பி.எம். முடித்து தஞ்சோங் மாலிமிலுள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் இருக்கிறது.

மார்க் மிகக் குறைவாக வந்த பிள்ளைக்கும் வழி உண்டு. சமூகக் கல்லூரிகள், மனிதவள அமைச்சின் பயிற்சி நிலையங்கள், தைப்பிங் பக்கம் கமுந்திங்கில் உள்ள அட்டெக் தொழிற்பயிற்சி நிலையம் எல்லாம் அதற்குத்தான். மலேசியத் திறன் சான்றிதழ் ஒன்றாம் நிலையில் தொடங்கி, ஐந்தாம் நிலையில் உயர் டிப்ளோமா வரை ஏறலாம். வெல்டிங்கும் குளிர்சாதனமும் கற்ற பிள்ளைகள் வீடு வாங்கியிருக்கிறார்கள்.

யு.பி.யு. போராங் நிரப்பும்போது

அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் டிப்ளோமா, அடிப்படைப் படிப்பு, போலிடெக்னிக், சமூகக் கல்லூரி எல்லாம் யு.பி.யு. என்ற ஒரே இணையத்தளத்தில். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் முடித்த பிறகு பட்டப்படிப்புக்கும் இதே வாசல்தான். அண்ணன் விண்ணப்பித்த மாதத்தை வைத்துத் தம்பிக்குக் கணக்குப் போடாதீர்கள். எஸ்.பி.எம். 2022 முடிவு வந்தது 2023 ஜூன் 8. அடுத்தது 2024 மே 27. அதற்கடுத்தது 2025 ஏப்ரல் 24. ஆண்டுக்கு ஆண்டு நகர்கிறது, அதோடு எல்லாத் தேதியும் நகர்கிறது. எஸ்.பி.எம். எழுதிய கையோடு வாரம் ஒருமுறை தளத்தைப் பாருங்கள். ஞாயிறு காலை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

12 துறைகள் வரை தேர்வு செய்யலாம். இங்கேதான் பிள்ளைகள் இரண்டு வகையாகத் தவறு செய்கிறார்கள். ஒரு வகை, பன்னிரண்டிலும் மருத்துவம், பல்மருத்துவம், மருந்தகம் என்று எழுதிவிடுவது. எஸ்.டி.பி.எம்.மில் முழுப் புள்ளியான 4.00 எடுத்தும் மருத்துவம் கிடைக்காத பிள்ளைகள் பற்றி நம் நாளிதழ்களில் எத்தனை முறை செய்தி வந்திருக்கிறது! அந்த வேதனையை நானும் நேரில் பார்த்திருக்கிறேன். அதற்காக மருத்துவத்தை எழுதாமல் விடச் சொல்லவில்லை. முதல் இடங்களில் எழுதுங்கள், மற்ற வரிகளை வேறு துறைகளுக்கு விடுங்கள். இன்னொரு வகை, பயந்துபோய் எளிதாகக் கிடைக்கும் துறையை முதலில் எழுதுவது. வரிசைக்கு மதிப்பு உண்டு. உண்மையில் விரும்புவது மேலே வர வேண்டும்.

ஒவ்வொரு துறைக்கும் முந்தைய ஆண்டில் சேர்ந்தவர்களின் சராசரி மெரிட் மார்க்கை அதே தளத்தின் வழிகாட்டிப் பகுதியில் பார்க்கலாம். உங்கள் மார்க்கைப் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். உங்கள் மார்க்கைவிடக் கொஞ்சம் மேலே உள்ளவை நாலு, சமமாக உள்ளவை ஐந்து, கீழே உள்ளவை மூன்று என்று நான் எழுதச் சொல்வேன். ஆனால் அந்தக் கடைசி மூன்றும் கிடைத்தால் போகத் தயாரானவையாக இருக்க வேண்டும். பல துறைகளுக்கு நேர்காணல் அல்லது தனித் தேர்வு உண்டு. அதையும் நோட்டுப் புத்தகத்தில் குறியுங்கள்.

துறையின் பெயரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். முதல் ஆண்டில் என்னென்ன பாடம், முடித்தவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று அந்தப் பல்கலைக்கழகத் தளத்தில் தேடுங்கள். உங்கள் ஊரிலிருந்து அங்கே போன ஓர் அக்காவையோ அண்ணனையோ தேடிப் பிடித்துக் கேட்டால் இன்னும் நல்லது. அரை மணி நேரப் பேச்சில் தெரிவது பத்துப் பக்கம் படித்தாலும் தெரியாது.

தனியார் கல்லூரிக்காரர் வீட்டுக்கு வரும்போது

யு.பி.யு. முடிவுக்கு முன்பே வருவார்கள். அழகாகப் பேசுவார்கள், "இன்னைக்கே பதிஞ்சா இலவச மடிக்கணினி" என்பார்கள். தனியார் என்றாலே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். 2002-இல் தொடங்கிய துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் கம்பார் வளாகம் நமக்குப் பக்கம். கெடா பீடோங் அருகே ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது, நம் சமுதாயத்தின் முயற்சியில் எழுந்தது. இரண்டிலும் நம் பிள்ளைகள் படித்து முன்னுக்கு வந்திருக்கிறார்கள்.

ஆனால் எந்தக் கல்லூரியானாலும் கையெழுத்துப் போடும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். அந்தக் குறிப்பிட்ட படிப்பு, படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் எம்.க்யூ.ஏ. அமைப்பின் பதிவேட்டில் இருக்கிறதா? கல்லூரியின் பெயர் இருந்தால் போதாது, படிப்பின் பெயர் இருக்க வேண்டும். தாதியர், பொறியியல், மருத்துவம் போன்றவற்றுக்கு அந்தந்தத் தொழில் வாரியத்தின் அங்கீகாரமும் வேண்டும். இரண்டாவது, முழுப் படிப்புக்கும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? முதல் செமஸ்டர் கட்டணத்தை மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். யு.பி.யு. முடிவு வரும்வரை பதிவுப் பணம் கட்ட வேண்டாம். நல்ல கல்லூரி இரண்டு வாரம் காத்திருக்கும்.

பணம்

பெற்றோர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி இது. சில தோட்டங்களில் அப்பா ஓய்வு பெற்றால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அந்தப் பயத்தோடு உட்கார்ந்திருப்பவரிடம் "படிக்க வைங்கண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது நியாயமில்லை. கணக்கை எழுதிக் காட்ட வேண்டும்.

1997-இல் அமைந்த பி.டி.பி.டி.என். கல்விக் கடன்தான் பெரும்பாலானோர்க்குக் கைகொடுப்பது. அரசாங்கப் பல்கலைக்கழகம், போலிடெக்னிக், அங்கீகாரம் பெற்ற தனியார் கல்லூரி எல்லாவற்றுக்கும் கிடைக்கும். ஆண்டுக்கு 1 விழுக்காடு சேவைக் கட்டணம். இதற்கு முன்பு எஸ்.எஸ்.பி.என். சேமிப்புக் கணக்கு ஒன்று திறந்திருக்க வேண்டும், சிறு தொகை போதும், இன்றே செய்யலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த வசதி குறைந்த பிள்ளைகளுக்குப் பதிவுச் செலவுக்கு முன்பணமும் தருகிறார்கள். இது இடம் கிடைத்த பிறகு கேட்க வேண்டியது, தள்ளிப்போட்டால் பதிவு நாளுக்குள் வராது. கடன் என்றால் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைப் பிள்ளையிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பெற்றோரின் இ.பி.எப்., அதாவது ஊழியர் சேமநிதிச் சேமிப்பில், 2024 மே மாதத்திலிருந்து அக்காவுன் செஜாத்ரா என்று அழைக்கப்படும் பகுதியிலிருந்து, பிள்ளையின் உயர்கல்விக்காகப் பணம் எடுக்கலாம். நான் இதைக் கடைசி வழியாகத்தான் சொல்வேன், முதுமைக்கு வைத்த பணம் அது. அதற்கு முன் உபகாரச் சம்பளம் தேடுங்கள். 1960-இல் நம்மூர்த் தலைவர் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடம் பணம் சேர்த்து உருவாக்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உறுப்பினர் பிள்ளைகளின் கல்விக்கு உதவி வருகிறது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ பங்கு வாங்கியிருக்கலாம், பெட்டியில் பழைய புத்தகம் இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியர்களுக்கான அரசாங்கப் பிரிவான மித்ராவின் உதவி அறிவிப்புகளையும் கவனியுங்கள்.

எல்லாவற்றுக்கும் வருமானச் சான்று கேட்பார்கள். மூன்று மாதச் சம்பளச் சிலிப்பைத் தோட்ட ஆபீஸ் கிராணியிடம் முன்கூட்டியே கேளுங்கள். கண்டிராக்டரிடம் நாள்கூலிக்குப் போகிறவருக்குச் சிலிப் இருக்காது, உறுதிமொழிக் கடிதம் தேவைப்படும். எஸ்.டி.ஆர். என்ற அரசாங்க ரொக்க உதவி பெறும் குடும்பமானால் அந்த நிலையை அச்செடுத்து வையுங்கள்.

தவாரான் (இடம் கிடைத்த அறிவிப்பு) வந்த பிறகு

இடம் கிடைத்தது என்று திரையில் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிட்டு, "ஏற்கிறேன்" என்பதை அழுத்தாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். ஏற்பதற்குக் கெடு உண்டு, தாண்டினால் இடம் போய்விடும். கிடைத்தது பிடிக்கவில்லை என்றாலும் அவசரப்பட்டு மறுக்காதீர்கள். முடிவெடுக்கும் வேளை இதுதான். கையில் வந்தவை எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, அப்பா அம்மாவோடு உட்கார்ந்து, செலவு, தூரம், ஆண்டு, விருப்பம் நாலையும் எழுதிப் பாருங்கள். பெண் பிள்ளையைத் தூரமாக அனுப்பத் தயங்கும் வீடாக இருந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஊர்ப் பெண் ஒருத்தியோடு அம்மாவைத் தொலைபேசியில் பேச வையுங்கள். நான் ஒரு மணி நேரம் பேசிச் சாதிக்காததை அந்தப் பெண் பத்து நிமிடத்தில் சாதித்திருக்கிறாள்.

கிடைக்கவில்லையா? ரயுவான், அதாவது மேல்முறையீடு உண்டு. முடிவு வந்த உடனே தொடங்கிச் சில நாள்களில் மூடிவிடும். இன்னும் காலி இடமுள்ள துறைகளையும் பார்த்து விண்ணப்பியுங்கள். அந்த நேரத்தில் ஆறாம் படிவ இடத்தை விட்டுவிடாமல் பள்ளிக்குப் போய்க்கொண்டே இருங்கள்.

பதிவு நாளுக்கு முன் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தை அரசாங்கக் கிளினிக்கில் முடித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் வரிசை நீளும். எல்லா ஆவணத்துக்கும் மூன்று நகல். தெற்கே போகிறவர்களுக்கு சுங்கை சிப்புட் நிலையத்தில் நிற்கும் இ.டி.எஸ். ரயில் இருக்கிறது. பஸ் என்றால் ஈப்போ அமான்ஜெயா முனையம். பள்ளி விடுமுறை, தீபாவளி வாரம் என்றால் டிக்கெட்டை முன்கூட்டியே எடுங்கள். கடன் பணம் கணக்கில் ஏறச் சில வாரம் ஆகும். அதனால் முதல் இரண்டு மாதச் சாப்பாட்டுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். வேலைக்குப் போன அந்த நாலைந்து மாதச் சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் தவணை தொடங்காமல் இருந்திருந்தால், இந்தப் பணம் ஏற்கெனவே பிள்ளையின் கையில் இருக்கும்.